பட்டும் புத்தி வரலை என்கிறார் அம்மா

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கம் எழுதி, அதை செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். வயது 41. பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் உதவிக்கு ஒரு பெண். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. கூடவே அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள்.

பள்ளியில் சொன்னதால் முதலில் மகளைத்தான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். மகளைப் பற்றி அங்கே கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'இது என்னைப் பத்திக் கேக்குற மாதிரியே இருக்கே' என்று தோன்றியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் இவருக்கும் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, என்று முடிவாகி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மருந்துச் சீட்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மறதியை அவர் பெரிய குறையாகச் சொல்லவில்லை. பட்ட பிறகும் திரும்ப அதையே செய்கிறோமே என்பதுதான் அவரை அரிக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி தாங்க முடியாத அளவுக்கு ஜாக்கெட் வாங்கிவிடுகிறார். போன வருஷம் 140. முதல் நாள் ராத்திரி நாலு மணி வரை தைத்தும் இருபது சொச்சம் மிஞ்சி, விடிந்ததும் வாசலில் சண்டை. அதற்கு முந்தைய வருஷமும் அதே கதை. ஒவ்வொரு முறையும் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம், அடுத்த ஆயுத பூஜை முடிந்தால் மறுபடி துணிப்பைகள் குவிய ஆரம்பித்துவிடும். ஏலச்சீட்டில் இரண்டு முறை ஏமாந்தவர், மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு ஜாமீன் நின்று இப்போது அந்தத் தவணையையும் சேர்த்துக் கட்டுகிறார். இதற்கெல்லாம் அம்மாவின் தீர்ப்பு: "சூடு கண்ட பூனைகூட அடுப்பங்கரைக்குப் போகாது. உனக்குப் பட்டும் புத்தி வரலையே."

கடைசிப் பக்கத்தில் இப்படிக் கேட்கிறார்: "அனுபவம்தான் பெரிய வாத்தியார்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் அந்த வாத்தியார் பாடம் எடுக்கலையா, இல்ல நான்தான் மக்கா? இது இருக்கறவங்களுக்குப் பக்குவமே வராதா டாக்டர்?" கூடவே மூன்று துணைக் கேள்விகள். மாத்திரை போடலாமா, கடையை மூடிவிட்டுத் தம்பி பார்த்து வைத்திருக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா, தானே இப்படி இருக்கும்போது மகளுக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி இருக்கிறது.

சரி, உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் உங்கள் நான்காம் பக்கம். பாதியில் 'பால் பொங்கிடுச்சு, போய்ட்டு வந்து எழுதறேன்' என்று இருக்கிறது, அதற்குக் கீழே நீல மை கறுப்பாகிவிடுகிறது. திரும்பி வந்தவர் விட்ட இடத்தில் தொடங்காமல், ஒரு வயதான அம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைப் பற்றி எழுத ஆரம்பித்து, ஏழெட்டு வரியில் 'இத எதுக்கு எழுதினேன்னே தெரியல' என்று மொத்தத்தையும் குறுக்கே அடித்துவிட்டீர்கள். அடித்ததைத்தான் நான் மூன்று முறை படித்தேன். அந்த அம்மா கொடுத்த அளவு ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதுமே, வலது பக்கம் அக்குள் தையல் மட்டும் இழுத்து இழுத்து நைந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கை தூக்க முடியாமல் ஒருக்களித்து மாட்டுகிறார் என்று புரிந்துவிட்டது, ஏனென்றால் உங்கள் அம்மாவுக்கும் தோள் இறுகிப்போய் ஒரு வருஷம் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அவரிடம் எதுவும் கேட்டு சங்கடப்படுத்தாமல், பின்பக்கக் கொக்கியை முன்பக்கத்துக்கு மாற்றி, கைக்குழியை அரை இஞ்ச் இறக்கி, அதற்குத் தனிக்கூலியும் வாங்காமல் அனுப்பியிருக்கிறீர்கள்.

பக்குவம் என்றால் வேறு என்னவென்று நினைத்தீர்கள்? ஒரு வீட்டில் பட்டதை இன்னொருவர் உடம்பில் அடையாளம் கண்டு, கையை அதற்குத் தக்கபடி மாற்றியிருக்கிறீர்கள். தமிழில் இதற்குப் பட்டறிவு என்று பெயர். 'வராதா' என்று கேட்டீர்களே, வந்திருக்கிறது. ஆனால் தீபாவளி ஆர்டரில் மட்டும் அது ஏன் வருவதில்லை என்பதுதான் பார்க்க வேண்டிய கேள்வி, அதற்கு விடையும் அந்த அடித்த பாராவிலேயே கிடக்கிறது. அந்தப் பாடத்தை ஞாபகப்படுத்த ஒரு பொருள் உங்கள் கையில் இருந்தது. நைந்த தையல் கண் முன்னால் இருந்தது. தீபாவளி விஷயத்தில் அப்படி எந்தப் பொருளும் இல்லை. வாசலில் ஒருவர் துணிப்பையோடு நிற்கிறார், 'உன்ன விட்டா யாரும்மா இருக்கா' என்கிறார், போன வருஷ ராத்திரி நாலு மணி எங்கேயும் கண்ணில் படவில்லை.

அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்வதை ஒரே வேலை மாதிரி பேசுகிறோம், அது நாலு வேலை. நடக்கும்போது கவனிக்க வேண்டும், மனதில் போட்டு வைக்க வேண்டும், சரியான நேரத்தில் அது மேலே வர வேண்டும், வந்ததும் அடுத்த அடியை எடுத்து வைக்கும் முன் கால் நிற்க வேண்டும். ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் காலை வாருகிறது. ஒரு விஷயத்தைச் சில நொடி மனதில் ஏந்தி வைத்துக்கொண்டே வேறொன்றை முடிவு செய்யும் திறனும், வாய் வரை வந்த 'ஆகட்டும்க்கா'வை அரை நொடி நிறுத்தும் திறனும் இதில் பலவீனமாக இருக்கின்றன. இதைப் பல ஆண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததைச் செய்யவேண்டிய இடத்தில் செய்வதில்தான் இடறுகிறது. எங்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்வோம், இந்த மூளைக்கு இரண்டே காலம்தான் உண்டு, ஒன்று 'இப்ப', இன்னொன்று 'அப்புறம்'. தீபாவளிக்கு இருபது நாள் இருந்தால் அது அப்புறம். நாளைக்கு என்றால் இப்ப. நடுவில் எதுவும் கிடையாது.

ஆகவே மக்கு, திமிர், அக்கறையின்மை, இந்த மூன்று வார்த்தையையும் கடிதத்திலிருந்து எடுத்துவிடலாம். அதற்காக எல்லாவற்றையும் ஏ.டி.எச்.டி. தலையில் கட்டிவிடவும் நான் தயாரில்லை. முகம் தெரிந்தவர்களிடம் 'முடியாது' என்று சொன்னால் அடுத்த மாசம் யார் வருவார் என்ற பயம் தெருவில் கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் உண்டு, அது வியாதி இல்லை, பிழைப்பு. உங்கள் மகள் காட்டும் ரீல்ஸில் இதை 'சூப்பர் பவர்' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பேச்சும் பிடிக்காது. ராத்திரி நாலு மணிக்கு மிஷின் முன்னால் அழுகிறவரிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் திருத்த வேண்டும். 'வயசானா தானா அடங்கிடும்னு இருந்தேன்' என்கிறீர்கள். ஓட்டமும் குதியும் வயதோடு குறைவது உண்மைதான், உள்ளே இருக்கும் பரபரப்பும் கவனச் சிதறலும் பலருக்கு அப்படியே தொடர்கின்றன. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. பெண்களில் நிறையப் பேர் சின்ன வயதில் கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருந்த அமைதியான பிள்ளைகள், வாத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்காததால் யார் கண்ணிலும் படாமல் போனவர்கள். உங்களைப் போலவே மகளுக்காக வந்து தனக்கும் தெரிந்துகொண்ட அம்மாக்களை நான் நிறையவே பார்க்கிறேன். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு, இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. உங்கள் அம்மாவும் பால் பொங்க விடுவதில் உங்களுக்குக் குறைந்தவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, படித்துவிட்டுச் சிரித்தேன். அதை வைத்து அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

சூட்டோடு சத்தியம் வேண்டாம்

போன தீபாவளி பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். யார் என்ன சொன்னார், அம்மா எப்படித் தலையில் அடித்துக்கொண்டார், நீங்கள் உங்களையே என்ன சொல்லித் திட்டிக்கொண்டீர்கள், எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆனால் எந்த நாளில், எத்தனையாவது ஜாக்கெட்டில் கணக்கு கைமீறியது என்று ஒரு வரி இல்லை. திட்டு அப்படியே நினைவில் இருக்கிறது, பாடம் மட்டும் இல்லை. அவமானம் அவ்வளவு சத்தம் போடும்போது வேறெதுவும் பதிவாகாது, இது உங்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்தான். சிறு வயது முதலே அதிகம் திட்டு வாங்கி வளர்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் இன்னும் கூடுதல்.

காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, அந்த நாளில் கரையில் உட்கார்ந்து வலையை மடியில் போட்டு எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார்கள். வலையைத் திட்டுகிறவர் அங்கே யாரும் இல்லை. நடுக்கடலில் இருக்கும்போது அந்த வேலையைச் செய்யவும் மாட்டார்கள்.

உங்களுக்கான கரை, தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து வரும் ஏதோ ஒரு சும்மா இருக்கும் மத்தியானம். அன்றைக்கு டீ போட்டுக்கொண்டு ஆர்டர் நோட்டைத் திறங்கள். தனியாக வேண்டாம், தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் வேறெதற்கோ எழுந்துவிடுவீர்கள், அந்த உதவிப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு வெட்டுவதிலிருந்து முடிப்பது வரை இரண்டு மணி நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து. ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை இருபது நாள் என்று வைத்தால் 100. கரண்ட் போகும், ஒரு நாள் காய்ச்சல் வரும், மகளுக்குப் பரீட்சை வரும், ஜரிகை வேலை சொன்னவர் இன்னும் அரை மணி இழுப்பார். கழித்தால் 80. நீங்கள் வாங்கியது 140.

இவ்வளவு வருஷம் 'பேராசைப்படக் கூடாது', 'எல்லாருக்கும் தலையாட்டக் கூடாது' என்றுதான் பாடம் எடுத்திருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஆளுக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பாடம் 80 என்ற எண்.

பாடத்தைத் தலையில் வைக்காதீர்கள், மேசையில் வையுங்கள்

இந்த வருஷ நோட்டில் ஆர்டர் எழுதும் முன்பே, பக்கவாட்டில் ஒன்றிலிருந்து எண்பது வரை எண் போட்டுவிடுங்கள். எண்பதாவது வரியோடு பக்கம் முடிகிற மாதிரி கோடு போட்டு, அதற்கு அடுத்த பக்கங்களை நாலு குண்டூசி குத்தி மூடிவிடுங்கள். நாக்கு 'ஆகட்டும்' என்று சொல்லத்தான் செய்யும், நோட்டை எடுத்து எழுதப் போகும் கை ஊசியில் தடுக்கும். அந்தத் தடுக்கல்தான் உங்களுக்கு வேண்டிய அரை நொடி. அளவு ஜாக்கெட்டின் நைந்த தையல் செய்த வேலையை இங்கே குண்டூசி செய்கிறது. எண்பது நிறைந்த பிறகு வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு அட்டை: 'தீபாவளி ஆர்டர் முடிந்தது. கார்த்திகைக்கு எடுத்துக்கொள்கிறோம்.' நீங்கள் சொல்லச் சங்கடப்படுவதை அட்டை சொல்லட்டும்.

பணம், ஜாமீன், சீட்டு, இதற்கெல்லாம் வேறு வழி. நம் பெண்களிடம் ரொம்ப காலமாக ஒரு கேடயம் இருக்கிறது: 'வீட்ல கேட்டுச் சொல்றேங்க்கா.' அதைப் பயன்படுத்துங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் நிஜமாகவே கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு ராத்திரி தாண்டினால் போதும். 'ஜாமீன்' என்ற சொல் காதில் விழுந்தால் உடனே இந்த வாக்கியம் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் 'இனி ஜாக்கிரதையாக இருப்பேன்' என்பதைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்ட தீர்மானங்களே அதிகம் நிறைவேறுகின்றன என்று 1990-களிலிருந்து உளவியலில் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. மற்றபடி, பதிவில்லாத சீட்டில் போட்ட பணத்துக்குச் சட்டப்படி பிடிமானம் ரொம்பக் குறைவு. நான் வக்கீல் இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

இந்த ஏற்பாடெல்லாம் மூன்று மாதத்தில் சலித்துவிடும். குண்டூசி கண்ணுக்குப் பழகிவிடும், அட்டை சுவரோடு சுவராகிவிடும். சலித்தால் தோற்றுவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த மூளைக்குப் புதுசு வேண்டும், அவ்வளவுதான். குண்டூசிக்குப் பதில் ரிப்பன் கட்டுங்கள், சிவப்பு அட்டைக்குப் பதில் மஞ்சள். எண் மட்டும் மாறக் கூடாது.

சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டு

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மகளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை 'எப்படி இருக்குன்னு பாக்க' ஒரு நாள் நீங்கள் போட்டதாகவும், நெஞ்சு படபடத்துப் பயந்துவிட்டதாகவும் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. உங்களுக்கு லேசான பிரஷர் இருப்பதாக வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இனி அதைச் செய்யவே கூடாது. அந்த மாத்திரையில் இருக்கும் மெத்தில்ஃபெனிடேட் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றக்கூடிய மருந்து, உங்கள் பிரஷர் அளவும் இதய நிலையும் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்துத்தான் கொடுப்பார்கள். நம் நாட்டில் அது 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்துகளில் வருகிறது, மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். அதனால்தான் எல்லா மெடிக்கலிலும் கிடைப்பதில்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு இப்போது கடைக்குப் போகாதீர்கள், அதே மருத்துவரிடம் திரும்பப் போய், அந்தப் படபடப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

'அடிமையாக்கிடும்' என்பது உங்கள் பயம். தன் இஷ்டத்துக்கு, அளவுக்கு மீறிப் போட்டால் அந்த ஆபத்து நிஜம். மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் எடுக்கிறவர்களில் அது அபூர்வம், 1950-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து இது. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, எரிச்சல் ஆகியவை வரக்கூடும், வந்தால் அளவையோ நேரத்தையோ மாற்றுவார்கள். இது ஒத்துவராவிட்டால் அடோமாக்ஸெடின் போன்ற வேறு வகை இருக்கிறது, அது பிடிக்கச் சில வாரம் ஆகும், அதற்கும் பிரஷர் பார்க்க வேண்டும். போகும்போது தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள், உங்கள் வயதில் இந்த இரண்டும் கவனத்தைக் கெடுக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் தடுமாற்றம் கூடுகிறதா என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

மாத்திரை போட்டால் புத்தி வந்துவிடுமா என்றால், வராது. உங்கள் உவமையையே எடுத்துக்கொள்வோம். வாத்தியார் பாடம் எடுக்கும்போது வகுப்பில் இருக்கும் இரைச்சலை மாத்திரை குறைக்கும், பாடத்தை நீங்கள்தான் கேட்க வேண்டும். அதனால் மாத்திரையோடு, இதற்கென்றே இருக்கும் சிந்தனை-நடத்தைப் பயிற்சியும் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குக் கூப்பிடு தூரம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்னு பேசுவாங்க' என்று அம்மா பயப்படுகிறார் என்றீர்கள். 1794-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிப் பெயரை இந்த ஊர் வசவாக்கி வைத்திருக்கிறது, என்ன செய்வது. போகிறவர்கள் போய்க் குணமாகி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு வரியை நான் தாண்டிப் போக முடியாது. 'அந்த ராத்திரி மட்டும் ஏன் உயிரோட இருக்கோம்னு தோணும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள், ஏ.டி.எச்.டி. இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்தே வருவது சகஜம், அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு. ராத்திரியிலேயே தோன்றினால் 14416, டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கடையா, கம்பெனியா

தம்பி சொல்லும் வேலையை நான் மட்டமாகப் பேச மாட்டேன். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., யாரிடம் எத்தனை ஆர்டர் வாங்குவது என்ற தலைவலி கிடையாது, மணி அடித்தால் வேலை மணி அடித்தால் வீடு. வெளியிலிருந்து வரும் ஒழுங்கு இருந்தால் ஏ.டி.எச்.டி. உள்ள பலர் நன்றாகவே நிற்கிறார்கள். மறுபக்கம், வண்ணாரப்பேட்டையிலிருந்து அம்பத்தூருக்குக் காலை எட்டரைக்குள் போய் நிற்க வேண்டும், நாள் முழுக்க ஒரே காலர், ஒரே கை. ஒரே மாதிரி வேலையில் உங்கள் கவனம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வயதான அம்மாவின் கொக்கியை முன்னால் மாற்றும் வேலையும் அங்கே இருக்காது. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது, ஆனால் வாடகை கட்டுகிறவர் நான் இல்லை.

முடிவை தீபாவளிச் சண்டை முடிந்த வாரத்தில் எடுக்காதீர்கள். எண்பது கணக்கோடு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் பார்த்துவிட்டு எடுங்கள், தம்பியிடமும் அதையே சொல்லிவையுங்கள். வேலைக்குப் போவதென்றால், ஏ.டி.எச்.டி. பற்றி நிர்வாகத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மருத்துவ விவரத்தை மருத்துவமனை வெளியே கொடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, மருத்துவக் காப்பீட்டிலும் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் பேதம் பார்க்கக் கூடாது என்பதும் அதே சட்டம். இதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. மகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருந்தால் அது பட்டியலில் இருக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு, அதை அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். பத்தாவதுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்குச் சொல்லத் தகுதி

தப்பே செய்யாதவர்தான் புத்தி சொல்ல வேண்டும் என்றால் எந்த வீட்டிலும் யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. 'நான் பட்டதப் பாத்தாவது திருந்து' என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அம்மா சொன்ன பூனைக் கதைதான் அது, கொஞ்சம் உடை மாற்றியிருக்கிறது. அவளுக்கும் பட்டது உடனே தலையில் நிற்காது, உங்களை மாதிரியே. தலை வாரும்போது சொல்வது அவள் பள்ளி வாசலைத் தாண்டும் முன் போய்விடும்.

வேண்டுமானால் இதைச் செய்யுங்கள். அந்த மத்தியானம் நோட்டைத் திறக்கும்போது அவளையும் கூப்பிட்டுக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் பெருக்கல் இத்தனை, கழித்தல் இத்தனை. அம்மா எங்கே கைமீறினாள் என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வெட்கப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். எண்பதுக்கு மேல் இருக்கும் பக்கங்களுக்கு ஊசி குத்தும் வேலையையும் அவளிடமே விட்டுவிடுங்கள். ஐப்பசியில் நீங்கள் அந்த ஊசியைப் பிடுங்கப் போனால் கையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.